குப்பை அள்ளுவது மட்டும்தான் மாநகர் மன்றத்தின் வேலையா?

செராஸ் செல்வம்: கோலாலம்பூர் மாநகர் மன்றம் பிள்ளைகளுக்கு அதைச் செய்ய வேண்டும், இளையோருக்கு இதைச் செய்ய வேண்டும் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். மன்றத்தின் வேலை குப்பை அள்ளுவது, சாக்கடை தூர்வாருவது, சாலையை ஒட்டுப்போடுவது. பிள்ளை வளர்ப்பது பெற்றோர் பொறுப்பு. எங்கள் அப்பா எந்த மன்றத்திடமும் கையேந்தவில்லை.

கெரிஞ்சி கலா: படித்ததும் கோபம்தான் வந்தது. யூனிசெப் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கோலாலம்பூரின் மலிவு விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். 15 சதவீதம் பேருக்கு எடை போதவில்லை. இந்த நகரத்தின் பி.பி.ஆர். வீடுகள், அதாவது ஏழைகளுக்கான அரசு அடுக்குமாடி வீடுகள், பலவற்றுக்கு மன்றமே வீட்டுக்காரர். மாதம் 124 ரிங்கிட் வாடகை வாங்கும் வீட்டுக்காரருக்கு, அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா என்று பார்க்கும் கடமை இல்லையா?

செராஸ் செல்வம்: அந்த ஆய்வு 17 அடுக்குமாடிகளில் மட்டும் எடுத்தது. பதினேழே பதினேழு! அதை வைத்து நகரத்தையே அழவைக்காதீர்கள்.

கெரிஞ்சி கலா: "மலிவு விலை அடுக்குமாடிகளில்" என்றுதான் எழுதினேன். கண்ணைத் திறந்து படியுங்கள். 966 குடும்பங்களைக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கு எத்தனை குடும்பம் வேண்டும்?

ஜெலுத்தோங் ரவி: பினாங்கிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 2012இல் ஜாலான் சுங்கை பி.பி.ஆரில் ஆண், பெண், இளையோர் என்று தனித்தனியாகக் கருத்துக் கேட்டு, பணம் எதற்குப் போக வேண்டும் என்று குடியிருப்பவர்களையே வாக்களிக்க வைக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். கோலாலம்பூரில் டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமனம். அவரிடம் கணக்குக் கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. எங்கள் ஜார்ஜ்டவுன் 1957இலேயே டி. எஸ். ராமநாதனை மேயராகக் கண்ட ஊர்.

செந்தூல் மணி: பினாங்கிலும் இப்போது கவுன்சிலர்களுக்குத் தேர்தல் இல்லை, ரவி. 1965இல் நிறுத்தியது நிறுத்தியதுதான். 1957ஐ இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்?

ஜெலுத்தோங் ரவி: சொல்வதற்கு எங்களிடம் இருக்கிறது, சொல்கிறோம். அவர் பெயரில் சாலையே இருக்கிறது.

கெரிஞ்சி கலா: சாலைப் பெயர் கிடக்கட்டும். செல்வம் அண்ணன் குப்பையைப் பற்றிச் சொன்னாரே, அதுவும் தவறு. 2011 செப்டம்பரிலிருந்து கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையை எடுப்பது கூட்டரசுச் சட்டத்தின் கீழ் குத்தகை நிறுவனம். மன்றத்தின் முதல் வேலை என்று எதைச் சொன்னாரோ அதையே மன்றம் செய்வதில்லை! எங்கள் கட்டடத்தில் மண்டபம் இருக்கிறது. மாலையில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொருவர் பெயர் வருகிறது. அம்மாவும் அப்பாவும் இரவு வேலைக்குப் போனபின் எட்டு வயதுப் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அந்த மண்டபத்தை இரவு பத்து மணி வரை திறந்து, மேசை போட்டு, ஒரு பொறுப்பாளருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். பினாங்கில் மின்னியல் நூலகத்தை 24 மணி நேரமும் திறந்து வைத்தார்களே, அது வேறு நாடா? பிள்ளை காப்பகம் நடத்த 1984 சட்டப்படி சமூகநலத் துறையில் பதிய வேண்டும். ஆனால் கட்டடத்துக்கு மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். அந்த ஒப்புதலுக்கு அலைய முடியாமல் எத்தனை பெண்கள் பதிவில்லாமலே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்! இதையெல்லாம் மன்றம் நினைத்தால் எளிதாக்கலாம்.

செராஸ் செல்வம்: மண்டபம், நூலகம், காப்பகம் என்று எங்கெங்கோ போகிறீர்கள். 22 சதவீதம் 17 அடுக்குமாடியின் எண். முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள்.

கெரிஞ்சி கலா: நான் மறுத்தால்தானே ஒப்புக்கொள்வதற்கு! பத்துமலை வாகன நிறுத்தத்தைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கினீர்கள். என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

செந்தூல் மணி: பத்துமலை கோலாலம்பூர் மன்றத்துக்கு உட்பட்டதே இல்லை. செலாயாங் நகராண்மைக் கழகம். அன்றைக்கும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

செராஸ் செல்வம்: மணி சொல்வது சரி. இவருக்கு எது எந்த மன்றம் என்றே தெரியவில்லை, மன்றத்துக்குப் பாடம் நடத்துகிறார்.

கெரிஞ்சி கலா: கெரிஞ்சி எந்த மன்றம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சொந்த வீட்டில், வாசலில் தோட்டத்தோடு இருக்கிறீர்கள். 700 சதுர அடியில் எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்கு வந்து, "எங்கள் அப்பா கையேந்தவில்லை" என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

செராஸ் செல்வம்: என் வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? நான் உழைத்து வாங்கியது.

ஜெலுத்தோங் ரவி: பினாங்கில் இந்தச் சண்டையே வந்திருக்காது.

செந்தூல் மணி: அங்கே குப்பையை இன்னும் மன்றமே எடுக்கிறது. அதனால் செல்வத்துக்கு அந்த ஊர்தான் பொருத்தம்.

செராஸ் செல்வம்: பதினேழு. நான் அதிலிருந்து நகரமாட்டேன்.

கெரிஞ்சி கலா: நகராதீர்கள். இந்த வாரம் மண்டபச் சாவிக்காக மனு எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள்.