ஃபார்மேட்டுக்குத் தலையாட்டும் முன் பயாஸைப் பாருங்க

குடியாத்தத்தில் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா, வருமானச் சான்றிதழ் விண்ணப்பமெல்லாம் அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப்பில்தான் ஓடுகிறது. திடீரென்று ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் கலைந்துவிட்டது என்ற எச்சரிக்கை), எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் லோகோ எட்டிப் பார்த்துவிட்டு நீலத் திரை, மறுபடி ரீஸ்டார்ட், இதே சுற்று. வந்து பார்த்த மெக்கானிக் ஃபார்மேட்தான் வழி என்று சொல்லிவிட்டார். "கஸ்டமர் ஃபைலெல்லாம் அதுலதானேப்பா இருக்கு" என்று சித்தப்பா எனக்கு போன் போட்டார்.

நீலத் திரையில் 0x0000007B என்று இருந்தது, அதாவது விண்டோஸுக்கு ஹார்ட் டிஸ்க் எட்டவில்லை. டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் செட்டிங் திரைக்குள், போனால் தேதி 2010-இல் நிற்கிறது, சாட்டா மோடு (ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ என்று இருக்கிறது. விண்டோஸ் போட்டபோது அது ஏஹெச்சிஐ என்ற வேறு முறையில் இருந்தது. அதையும் தேதியையும் மாற்றி, எஃப்10 கொடுத்து சேவ் செய்தேன், நேராக டெஸ்க்டாப் வந்துவிட்டது. ஃபார்மேட் செய்திருந்தாலும் ஓடியிருக்கும், அதுதான் வேடிக்கை! ஐடிஇ-யிலேயே புது விண்டோஸ் ஏறியிருக்கும், மெக்கானிக்குக்குக் கூலி கிடைத்திருக்கும், ஃபைல் மட்டும் போயிருக்கும்.

காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032, அந்த 3 வோல்ட் பட்டன் பேட்டரி. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பது அதுதான், அது தீர்ந்தால் செட்டிங் கலைந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தரும் ஸ்டாண்ட்பை கரண்டிலேயே கடிகாரம் ஓடும். சித்தப்பாவோ கடை சாத்தும்போது மெயினையே இறக்கிவிடுவார், அப்புறம் விடியும்வரை அந்தப் பேட்டரிதான் தாங்க வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது வேறு சீக்கிரம் தேயும். புதுசு போட்டாச்சு. பழசைக் கழற்றினால் செட்டிங் மறுபடி போய்விடும் என்பதால், ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

புது லேப்டாப்பில் கதை வேறு. காட்பாடியில் படிக்கும் நண்பன் பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு செட்டிங்கை ஆஃப் செய்தான், அடுத்த முறை ஆன் செய்ததும் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அது அவனுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் சேமிப்பில் இருந்தது. லேப்டாப்பில் இந்த செட்டிங்கில் கை வைப்பதற்கு முன் அந்தக் கீ எங்கே இருக்கிறது என்று பார்த்து, தனியாக ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள்.