ரத்தம் எப்படி இணைப்புத் திசு? கல்லீரல் செல் எப்படி எபிதீலியம்?

முதலாண்டு மாணவி

வணக்கம். செவிலியர் படிப்பு முதலாண்டில் இருக்கிறேன், அடுத்த வாரம் திசுவியல் செய்முறைத் தேர்வு. எபிதீலியம், இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்று நான்கு வகை இருப்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் எல்லாமே ஊதாவும் இளஞ்சிவப்புமாகத்தான் தெரிகிறது, எது எது என்று பிடிபடவே இல்லை. அதோடு இரண்டு விஷயம் ரொம்ப நாளாகக் குழப்புகிறது. எபிதீலியம் என்றால் மேலே மூடியிருக்கும் உறை என்று படித்தேன், அப்படியானால் வயிற்றுக்குள் கிடக்கிற கல்லீரலின் செல்லை ஏன் எபிதீலியம் என்கிறார்கள்? ரத்தம் எதை எதோடு இணைக்கிறது, அதை ஏன் இணைப்புத் திசுவில் சேர்த்தார்கள்? புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உயிரியல் ஆசிரியர்

நிறத்தைப் பார்க்காதீர்கள், செல்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஸ்லைடில் சேர்க்கும் இரண்டு சாயங்களில் ஹீமடாக்சிலின் எந்தத் திசுவானாலும் உட்கருவை ஊதாவாக்கும், இயோசின் மற்றதில் பெரும்பகுதியை இளஞ்சிவப்பாக்கும், அதை மட்டும் வைத்துத் திசுக்களைப் பிரிக்க முடியாது. எபிதீலியத்தில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் இடமே இருக்காது, ஒரு பக்கம் வெற்றிடத்தை, அதாவது குழாயின் உள்வெளியையோ உடலின் வெளிப்புறத்தையோ, பார்த்திருக்கும், மறுபக்கம் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். இணைப்புத் திசு இதற்கு நேர் எதிர். செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும், நடுவில் இருக்கும் தளப்பொருள்தான் அதிகம். அந்தத் தளப்பொருள் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் திசுவின் குணமே மாறுகிறது: கால்சியம் உப்பு படிந்து இறுகினால் எலும்பு, கெட்டியான கூழ் போல இருந்தால் குருத்தெலும்பு, கொலாஜன் என்ற புரத இழைகள் ஒரே திசையில் அடுக்கிக் கிடந்தால் தசையை எலும்போடு கட்டும் தசைநாண், திரவமாகவே இருந்தால் ரத்தம். ரத்தத்தின் கன அளவில் பாதிக்கு மேல், சுமார் 55 சதவீதம், பிளாஸ்மா என்ற அந்தத் திரவம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. மற்ற இணைப்புத் திசுக்களில் தளப்பொருளை அங்கே இருக்கும் செல்களே சுரக்கின்றன, பிளாஸ்மாவை ரத்த செல்கள் உண்டாக்குவதில்லை, அதிலுள்ள புரதங்களில் பெரும்பகுதி கல்லீரலிலிருந்து வருகிறது. அப்படியிருந்தும் ரத்தத்தை இந்தக் குடும்பத்தில் சேர்த்ததற்குக் காரணம் பிறப்பு. எலும்பு, குருத்தெலும்பு போலவே ரத்த செல்களும் கருவின் மூன்று அடுக்குகளில் நடுவிலிருக்கும் நடுப்படலத்திலிருந்து தோன்றுகின்றன. ஆகவே 'இணைப்பு' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு எதை இணைக்கிறது என்று தேடினால் விடை கிடைக்காது.

கல்லீரலும் இதே கதைதான். நான்காவது வாரத்தில் கருவின் குடல் குழாயிலிருந்து ஒரு மொட்டு வெளியே கிளைக்கிறது, அதுதான் வளர்ந்து கல்லீரலாகிறது. அந்தச் செல்கள் குடலின் உட்பூச்சு எபிதீலியத்தின் வாரிசுகள், ஒட்டி நிற்கும் பழக்கத்தை விடவில்லை, இரண்டு செல்களுக்கு நடுவில் ஓடும் நுண்ணிய பித்தக் கால்வாய்தான் அவற்றின் வெற்றிடப் பக்கம். பெரும்பாலான சுரப்பிகள் இப்படி எபிதீலியம் உள்வாங்கி உண்டானவைதான். சுரப்பை வெளியே கொண்டுபோகும் குழாயான நாளம் மிஞ்சினால் நாளமுள்ள சுரப்பி, அறுந்துபோனால் நாளமில்லாச் சுரப்பி. தைராய்டு நாக்கின் அடியில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கி வந்தது, இறங்கிய இடத்தின் அடையாளமாக நாக்கின் பின்பகுதியில் ஒரு சிறு குழி இன்னும் பெரும்பாலானோருக்கு இருக்கிறது. எனக்கு இது எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

இரண்டாமாண்டு

எபிதீலியத்துக்குப் பெயர் வைக்க இரண்டே கேள்விதான். எத்தனை அடுக்கு? மேல் அடுக்குச் செல்லின் வடிவம் என்ன? மேல் அடுக்கு என்பதை மறக்க வேண்டாம், தோலின் அடி அடுக்கில் செல்கள் கனசதுரமாக இருந்தாலும் மேலே தட்டையாகிவிடுவதால் அது அடுக்குத் தட்டை எபிதீலியம். மூச்சுக்குழாயைப் பார்த்து நான் போன வருடம் அடுக்கு எபிதீலியம் என்று எழுதி மதிப்பெண் போயிற்று. உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் அப்படித் தெரியும், உண்மையில் ஒவ்வொரு செல்லும் அடித்தளச் சவ்வைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் பொய்யடுக்கு. மேலே குறுயிழைகளும் (சளியைத் தள்ளும் மயிர் போன்ற நுண் இழைகள்) நடுநடுவே சளி சுரக்கும் கோப்பை செல்களும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். மற்றபடி தோல் எபிதீலியம், எலும்பு இணைப்புத் திசு, இதயம் தசைத் திசு என்று உறுப்போடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வக நுட்பநர்

கடைசி வரி வேண்டாம், அது பிற்பாடு தொல்லை கொடுக்கும். தோல் ஓர் உறுப்பு, அதன் மேல்தோல் மட்டும்தான் எபிதீலியம், கீழே இருக்கும் உள்தோல் பெரும்பாலும் இணைப்புத் திசு. காகிதம் லேசாகக் கீறினால் சில சமயம் வலிக்கும், ஆனால் ரத்தம் வராது. மேல்தோலில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு நுனிகள் மட்டும் அதுவரை எட்டிப் பார்க்கின்றன. உணவும் ஆக்சிஜனும் கீழேயிருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து அடித்தளச் சவ்வு வழியாகக் கசிந்துதான் மேலே வர வேண்டும். இதயத்திலும் தசையோடு வால்வுகளில் இணைப்புத் திசு, உள்சுவரில் ஒற்றை அடுக்குத் தட்டைச் செல்கள், நரம்புகள் என்று நான்கும் இருக்கின்றன.

நான் தினமும் பயாப்சி ஸ்லைடு தயாரிக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அடித்தளச் சவ்வைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குடலின் உட்பூச்சு செல்கள் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து புதிதாகின்றன. இவ்வளவு வேகமாகப் பிரிகிற இடத்தில் பிழை நேரவும் வாய்ப்பு அதிகம், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை எபிதீலியத்தில் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். மாறிய செல்கள் அடித்தளச் சவ்வுக்கு மேலேயே நிற்கின்றனவா, அதைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டனவா என்பதைத்தான் மருத்துவர் முதலில் தேடுவார், கீழேதான் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இருக்கின்றன, அங்கே போனால்தான் பரவ முடியும். புகைபிடிப்பவர்களின் மூச்சுக்குழாயில் குறுயிழைத் தூண் செல்கள் மறைந்து தட்டையான அடுக்குச் செல்கள் வந்துவிடுவதைப் பார்க்கலாம். புகையைத் தாங்க அது தோதுதான், ஆனால் சளியை மேலே தள்ள ஆளில்லாமல் போய்விடுகிறது.

முதலாண்டு மாணவி

நன்றி, இடைவெளியைப் பார்க்கச் சொன்னது பெரிய உதவி. ஆனால் கொழுப்புத் திசுவில் செல்கள் நெருக்கமாகத்தானே இருக்கின்றன? அப்புறம் மென்தசையும் தசைநாணும் எனக்கு ஒரே மாதிரி தெரிகின்றன, இரண்டுமே நீள நீளமாக இளஞ்சிவப்பு.

ஆய்வக நுட்பநர்

கொழுப்பு விதிவிலக்குதான், தளப்பொருள் குறைவு. ஸ்லைடு தயாரிக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கொழுப்பு கரைந்துவிடும், அதனால் வெறும் வலை போல வெள்ளை ஓட்டைகள் மட்டும் தெரியும், உட்கரு ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அப்படி ஒரு வலையைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

மென்தசைக்கும் தசைநாணுக்கும் உட்கருவைத் தேடுங்கள். மென்தசையில் அது செல்லுக்குள்ளேயே, நட்ட நடுவில், நீள்வட்டமாக இருக்கும். தசைநாணில் இழைகளுக்கு நடுவே நசுங்கி மெல்லிய கோடாக, வரிசையாகக் கிடக்கும். வரித்தசையில் உட்கரு பல, எல்லாம் ஓரத்தில். இதயத்தசையிலும் வரி உண்டு, ஆனால் உட்கரு நடுவில், செல் கிளைவிட்டிருக்கும். தேர்வில் எடுத்த எடுப்பில் பெரிய உருப்பெருக்கத்துக்குப் போகாமல், சிறியதில் வைத்து ஸ்லைடு முழுவதையும் ஒருமுறை நகர்த்திப் பார்த்து வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், அதன் கரையில் நிற்பது எபிதீலியம், அதற்கு அடியில் இருப்பது இணைப்புத் திசு.