எக் குழு ஏன் அவ்வளவு சீக்கிரம் கலைந்தது?

சிற்றோடை:
‘எக்’ என்ற ஆங்கிலேய முற்போக்கு ராக் குழுவின் ‘தி பொலைட் ஃபோர்ஸ்’ (1971) தொகுப்பை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். முதல் பாட்டின் தொடக்கத்தில் உறுமுவதைக் கிட்டார் என்றே நினைத்திருந்தேன். உறையைப் படித்த பிறகுதான் ஆர்கன், பேஸ், டிரம்ஸ் மட்டுமே என்று தெரிந்தது. டெக்கா போன்ற பெரிய நிறுவனத்தில் இரண்டு தொகுப்புகள் வெளியிட்டவர்கள் 1972-இல் பிரிந்தது ஏன்? உள்ளே ஏதும் சண்டையா?

கருந்தட்டு:
சண்டையாகத் தெரியவில்லை, நண்பரே. எக் குழுவின் டேவ் ஸ்டூவர்ட், மான்ட் கேம்ப்பெல், கிளைவ் புரூக்ஸ் ஆகிய மூவரும் முதலில் ‘யூரியல்’ என்ற பெயரில் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹில்லேஜுடன் வாசித்தவர்கள். 1968 கோடையில் இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில் ஒரு விடுதியில் தங்கி வாசித்தார்கள். நீங்கள் கேட்ட அந்த முதல் பாட்டு அந்த நாட்களின் நினைவுதான். ஹில்லேஜ் கென்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கச் சென்றபோது வேறு கிட்டார் கலைஞரைத் தேடாமல் மூவராகவே தொடர்ந்தார்கள். 1969-இல் ஹில்லேஜையும் சேர்த்துக்கொண்டு ‘அர்ஸாக்கெல்’ என்ற தொகுப்பைப் பதிவு செய்தபோது, டெக்காவுடன் ஒப்பந்தம் இருந்ததால் புனைபெயர்களில் ஒளிந்துகொண்டார்கள். அந்தத் தட்டின் மூலப் பிரதிக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலைசுற்றும்.

மிஸ்ரசாபு:
விற்பனைக்கு வளைந்து கொடுக்கும் இசையே அல்ல அது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் சிங்கிளிலேயே ஏழு எண்ணிக்கைத் தாளத்தைப் பாட்டுப் பொருளாக்கியவர்கள் அவர்கள். நம் காதுக்கு ஏழு புதிதல்ல. ஆனால் நான்கிலேயே ஆடிப் பழகிய நடன அரங்கில் அது எடுபடுமா? 1970-இல் வந்த முதல் தொகுப்பில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் ஃபியூகும் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் வடிவம்), தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நீளும் சிம்பொனியும் உண்டு. அந்தச் சிம்பொனியின் மூன்றாம் பகுதி இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை ஒத்திருந்ததால், பதிப்புரிமைச் சிக்கலுக்கு அஞ்சி அதைத் தட்டிலிருந்தே நீக்கிவிட்டார்கள். மேடையில் வாசித்துத் தேறிய புதிய உருப்படிகள் கையில் இருந்தும் மூன்றாவது தொகுப்பைப் பதிவு செய்ய அவர்களுக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. என் கணிப்பில் அங்கேதான் முறிந்தது.

கருந்தட்டு:
ஒப்புக்கொள்கிறேன். புரூக்ஸ் ‘கிரவுண்ட்ஹாக்ஸ்’ குழுவுக்கும், ஸ்டூவர்ட் 1973-இல் ‘ஹாட்ஃபீல்ட் அண்ட் த நார்த்’ குழுவுக்கும் போனார்கள். அப்படியிருந்தும், பதிவாகாமல் கிடந்த அந்த உருப்படிகளுக்காகவே 1974-இல் மூவரும் மீண்டும் கூடி ‘தி சிவில் சர்ஃபேஸ்’ தொகுப்பை முடித்தார்கள். ஹில்லேஜும் ஒரு பாட்டுக்குக் கிட்டாருடன் வந்தார். பகைத்துக்கொண்டு பிரிந்தவர்கள் இப்படிக் கூடுவார்களா?

சிற்றோடை:
இருவருக்கும் நன்றி. ‘சிவில் சர்ஃபேஸ்’ தொகுப்பை இன்றிரவே கேட்கிறேன். ஏழை விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் ஐந்தாவதிலேயே தவறிவிடுகிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.