மணியை வழியனுப்பும் நேரம் வந்துவிட்டதா?

எங்கள் மணிக்கு 14 வயது. லேப்ரடார் நாய். மூட்டுவலியோடு இப்போது சிறுநீரகமும் பழுதாகிவிட்டது. பின்னங்கால் வழுக்கி விழுந்தால் தானாக எழ முடிவதில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விட்டால் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மருத்துவர் ஒரு அட்டவணை கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்கள் என்று ஏழுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-ஐத் தாண்டினால் பரவாயில்லையாம். நேற்று 33, இன்று 37. சாவிச் சத்தம் கேட்டால் இன்னும் வாலை ஆட்டுகிறான். அப்புறம் எப்படி மனசு வரும்?

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்து, ஊசி போட்டு வழியனுப்ப நாள் குறித்தீர்கள்? கடைசி ஊசிக்கு முன் மயக்க மருந்து கொடுப்பதால் வலி தெரியாது என்கிறார் மருத்துவர். கடைசிவரை கூடவே இருந்தீர்களா? அவன் தலை என் மடியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.