ஷிப்ட் முடிவது எட்டரைக்கு, வேலை முடிவது பதினொன்றுக்கு. என்ன செய்யலாம்?

ஓஎம்ஆர்வாசி (கேள்வி)

சப்போர்ட் டீம், ஆறு பேர். கிளையன்ட் நியூயார்க். ஷிப்ட் காலை 11:30 முதல் இரவு 8:30. கிளையன்டோடு தினசரி கால் (ஆன்லைன் மீட்டிங்) இப்போது இரவு 7 மணிக்கு. நவம்பர் வந்தால் 8 மணிக்குத் தள்ளிப்போகும். அது முடிந்த பிறகும் டீம்ஸ் (ஆபீஸ் சாட் ஆப்) செய்திகள், டீம் லீடின் வாட்ஸ்அப் குரூப் என்று 11 மணி வரை இழுக்கிறது. ஆன்-கால் ரோஸ்டர் (ஷிப்டுக்குப் பிறகு அவசரம் வந்தால் யார் கவனிப்பது என்ற முறைப்பட்டியல்) கிடையாது. போன் ஆண்ட்ராய்ட், அதில் ஆபீஸ் அவுட்லுக்கும் டீம்ஸும் இருக்கின்றன. லீடோடு மனக்கசப்பு வராமல் இதை எப்படி ஒரு வரைமுறைக்குக் கொண்டுவருவது? போனில் என்ன மாற்ற வேண்டும்? சட்டத்தில் ஏதாவது இடம் உண்டா?

ரோஸ்டர் ராஜா

போன் செட்டிங்கைக் கடைசியில் தொடுங்கள். அதில் ஆரம்பித்தால் "கூப்பிட்டா எடுக்கிறதே இல்ல" என்ற பெயர்தான் மிஞ்சும். உங்கள் டீமில் உள்ள ஓட்டை, ரோஸ்டர் இல்லாததுதான். இரவு பத்து மணிக்கு எது அவசரம், எது காலை வரை தாங்கும் என்று யாரும் பிரித்து வைக்கவில்லை. லீடு குரூப்பில் ஒரு வரி போடுகிறார், ஆறு பேரும் எட்டிப் பார்க்கிறீர்கள்.

கடந்த நான்கு வாரத்தில் 8:30க்கு மேல் வந்ததையெல்லாம் ஒரு எக்செல்லில் போடுங்கள். எத்தனை மணிக்கு வந்தது, கேட்டது யார், கேட்டது என்ன, மறுநாள் 11:30 வரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாலே நாலு நெடுவரிசை போதும். கடைசி நெடுவரிசைதான் முக்கியம். பாதிக்கு மேல் "ஸ்டேட்டஸ் என்ன?" ரகமாக இருந்தால், அதற்கு மருந்து ஹேண்டோவர் மெயில் (அன்றைய வேலை நிலவரத்தை ஒப்படைக்கும் மெயில்).

தினமும் 8:15க்கு அனுப்புங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் (பதிவான புகாருக்கும்) ஒரு வரி: நம்பர், எங்கே நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறோம், அடுத்த அப்டேட் எப்போது. "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதினால் 9 மணிக்கே திரும்பக் கேட்பார்கள். "லாக் ஃபைல் உங்கள் டேட்டாபேஸ் டீமிடம் இருக்கிறது, அடுத்த அப்டேட் எங்கள் நேரம் மதியம் 1 மணி" என்று எழுதினால் கேட்பதற்கு எதுவும் இருக்காது. நியூயார்க்கில் மறுநாள் விடிவதற்குள் அந்த அப்டேட் இன்பாக்ஸில் கிடக்கும்.

பிறகு எக்செல்லோடு லீடிடம் தனியாகப் பேசுங்கள், குரூப்பில் வேண்டாம். புகாராக இல்லாமல் ஏற்பாடாகச் சொல்லுங்கள்: "8:30 வரை சாட்டில் இருப்போம். அதற்கு மேல் புரொடக்ஷன் (கிளையன்டின் நேரடி சிஸ்டம்) நின்றால் அந்த வார ஆன்-கால் ஆளுக்குப் போன் பண்ணுங்க, கண்டிப்பா எடுப்பார். மற்றதெல்லாம் காலையில் முதல் வேலை." ஆறு பேர் என்றால் ஒருவருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். ராத்திரி விழித்தவருக்கு மறுநாள் தாமதமாக வரவோ காம்ப்-ஆஃப் (ஈட்டு விடுப்பு) எடுக்கவோ அனுமதி உண்டா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இது எங்கே உடையும் தெரியுமா? நாலாவது நாள் பத்து மணிக்கு ஒருவர் சும்மா பதில் போடுவார். அத்தோடு எல்லாம் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும். ராத்திரி ஏதாவது தோன்றினால் டைப் செய்து, டீம்ஸில் அனுப்பும் பட்டனை அழுத்திப் பிடித்து, மறுநாள் 11:30க்கு ஷெட்யூல் செய்துவிடுங்கள்.

மணிக்கூண்டு

நவம்பர் பிரச்சினைக்குத் தனி வழி உண்டு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நமக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிரில் பத்தரை. உங்கள் கால் அவர்கள் நேரப்படி காலை 9:30க்குப் போடப்பட்டிருக்கிறது, அதனால்தான் நமக்கு 7 மணி 8 ஆகிறது. அதையே இந்திய நேரத்தில் 7 மணி என்று புதிதாகப் போடச் சொன்னால், குளிரில் அவர்களுக்கு 8:30 ஆகும். ஆபீஸ் தொடங்கும் நேரம்தான், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே கேளுங்கள். நவம்பரில் கேட்டால் அங்கே எட்டரை மணி ஸ்லாட்டில் வேறு மீட்டிங் உட்கார்ந்திருக்கும். அவுட்லுக் காலண்டரில் வேலை நேரத்தையும் 11:30 முதல் 8:30 என்று மாற்றிவையுங்கள். அனுப்புகிறவர்களுக்கு அது கண்ணில் படும்.

செட்டிங்ஸ் சித்தர்

போனுக்கு வருவோம். ஆபீஸ் ஆப்களின் ஐகானில் சின்னப் பெட்டிப் படம் இருந்தால் அது வொர்க் புரொஃபைல், அதாவது ஆபீஸ் ஆப்களுக்கென்று போனில் பிரித்துவைத்த தனிப் பகுதி. ஆப் டிராயரில் 'வொர்க்' பக்கத்தில் பாஸ் பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் ஐகான்கள் சாம்பல் நிறமாகிவிடும், அவுட்லுக்கும் டீம்ஸும் காலைவரை மூச்சுவிடாது. பெட்டிப் படம் இல்லையென்றால் டீம்ஸ் நோட்டிஃபிகேஷன் செட்டிங்கில் குவைட் டைம் (நோட்டிஃபிகேஷன் வராத நேரம்) போட்டு, இரவு 8:30 முதல் காலை 11 வரை கொடுங்கள், சனி ஞாயிறு முழுநாளும்.

வாட்ஸ்அப் இந்த இரண்டுக்கும் அடங்காது. குரூப்பை 'எப்போதும்' மியூட் செய்து ஆர்கைவில் போடுங்கள். அப்படியும் யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டால் நோட்டிஃபிகேஷன் வரும். ப்ளூ டிக்கை அணைத்தாலும் குரூப்பில் அது வேலை செய்யாது, திறந்தால் திறந்ததுதான். மொத்தமாகப் பிரிக்க வேண்டுமென்றால் இரண்டாவது சிம்மில் இன்னொரு வாட்ஸ்அப் கணக்கு. 2023 கடைசியிலிருந்து ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்பில் இரண்டு கணக்கு வைக்கலாம்.

டூ நாட் டிஸ்டர்ப் போட்டால் 'ரிப்பீட் காலர்ஸ்' விட்டுவையுங்கள். அதே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். ஐபோனில் அது மூன்று நிமிடம். உங்கள் ஆன்-கால் வாரத்தில் மட்டும் லீடின் நம்பரை விதிவிலக்கில் சேருங்கள்.

எட்டுமணிநேரம்

சட்டம் பற்றி. பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை உண்டு. நம் நாட்டில் அப்படிச் சட்டம் வரவில்லை. எம்.பி. சுப்ரியா சுலே 2018ல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

கையில் இருப்பது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தால் நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை. அந்த ஓவர்டைமுக்குச் சம்பளம் இரட்டிப்பு. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் சொந்த டைம்ஷீட்டே காலை வாரிவிடும்: பத்து மணி நேரம் உழைத்துவிட்டு தினமும் 'எட்டு' என்று நிரப்பினால், பின்னால் எங்கே போய்ப் பேசினாலும் அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள். உழைத்ததை உழைத்தபடி எழுதுங்கள்.

ஓஎம்ஆர்வாசி

நன்றி. எக்செல் இன்றே ஆரம்பம். ஒரு சந்தேகம்: வொர்க் புரொஃபைலை பாஸ் செய்தால், லேப்டாப் லாகினுக்கு அப்ரூவல் கேட்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் என்ன ஆகும்?

செட்டிங்ஸ் சித்தர்

அதுவும் பெட்டிப் படத்தோடு இருந்தால் அதுவும் தூங்கிவிடும், அப்ரூவல் வராது. ஆன்-கால் வாரத்தில் பாஸ் செய்யாமல் குவைட் டைம் மட்டும் வையுங்கள். ஆத்தென்டிகேட்டர் பர்சனல் பக்கத்தில் இருந்தால் கவலையில்லை.