வழுக்கும் கைபேசி: அம்மாவின் கைக்கு ஏற்ற கவர் எது?

வைகைவாசி:

வணக்கம். மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்குச் சென்ற பொங்கலுக்கு ஒரு புதுக் கைபேசி வாங்கிக் கொடுத்தேன். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று 6.7 அங்குலத் திரை உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். எடை 200 கிராமுக்குச் சற்று மேல். அதன் முதுகு பளபளப்பு இல்லாத, மங்கலான கண்ணாடி. கடையில் தடவிப் பார்த்தபோது பட்டுப் போல இருக்கிறது என்று நானே மெச்சினேன். அந்தப் பட்டுதான் இப்போது வினையாகிவிட்டது.

இதுவரை மூன்று முறை விழுந்திருக்கிறது. முதல் முறை யாரும் தொடவே இல்லை. சோபாவின் மரக்கைப்பிடி மேல் இருந்தபோது அழைப்பு வந்து அதிர்ந்து, தானாக ஊர்ந்து ஊர்ந்து தரைக்குப் போய்விட்டது. இரண்டாம் முறை பையிலிருந்து எடுக்கும்போது நழுவியது. மூன்றாவதுதான் பலமான அடி. பேத்தியோடு வீடியோவில் பேசுவதற்காக ஒரு கையால் உயர்த்திப் பிடித்திருந்தவர், பால் பொங்குகிறதே என்று மறு கையால் அடுப்பை அணைக்கப் போக, மொசைக் தரையில் மூலை குத்தி விழுந்தது. மேலே ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸ் நொறுங்கியது. திரை எப்படியோ பிழைத்தது. கடைக்காரர் இனாமாகப் போட்டுக் கொடுத்த கண்ணாடி போன்ற கவர் அப்போது அதன் மேல் இருக்கத்தான் செய்தது. அது இதற்குள் மஞ்சளடித்துவிட்டது. எண்ணெய்க் கை பட்டால் இன்னும் மோசம். “சோப்புக் கட்டியக் கையில வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்குடா” என்கிறார் அம்மா.

ஃபிளிப் கவர் போட்டுப் பார்த்தோம். பேசும்போது அதன் மூடி கையில் தொங்கிக்கொண்டு இடைஞ்சல் செய்கிறதாம். கவசம் போன்ற தடித்த கவரையும் வாங்கினேன். மணிக்கட்டு கடுக்கிறது என்று இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஆயிரம் ரூபாய்க்குள் வேறு என்ன செய்யலாம் என்று பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழுதுமேசை:

கோவையில் பதினான்கு ஆண்டுகளாகக் கைபேசி பழுது பார்த்து வருகிறேன். விழாமல் இருக்க வேண்டும் என்பது ஒரு தேவை, விழுந்தால் உடையாமல் இருக்க வேண்டும் என்பது வேறொரு தேவை; கடைகளில் இரண்டையும் ஒன்றாக்கி விற்றுவிடுகிறார்கள். நீங்கள் வாங்கிய தடித்த கவர் இரண்டாவது தேவைக்கானது. அது பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தைக் கூட்டிவிடுவதால், சிறிய கை உள்ளவர்களுக்கு விரல் முழுவதும் சுற்றி வராமல் பிடி இன்னும் தளர்ந்துபோகும். உடையாமல் இருப்பதற்காக வாங்கிய கவரே விழுவதற்குக் காரணமாகிவிடுவதை என் மேசையில் பல முறை பார்த்திருக்கிறேன்.

மங்கலான கண்ணாடி ஏன் வழுக்குகிறது என்றால், அதன் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள். விரல் அந்த மேடுகளின் உச்சியை மட்டும்தான் தொடுகிறது. தொடும் பரப்பு குறைந்தால் பிடிப்பும் குறையும். விரல் உலர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வங்கியில் காசாளர் நோட்டு எண்ணும்போது பக்கத்தில் ஈரப் பஞ்சு வைத்திருப்பாரே, காரணம் அதுதான். வயதாக ஆக விரல் நுனியின் ஈரப்பசை குறைந்துவிடுவதால், உங்கள் கையில் நிற்கும் கைபேசி அம்மாவின் கையில் நிற்காது. ஆகவே கவர் வாங்கும்போது கூடவே அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பயன் இல்லை.

இனி கவர்களின் வகைக்கு வருகிறேன். உங்களுக்கு இனாமாகக் கிடைத்தது டி.பி.யு. என்னும் வளையும் பிளாஸ்டிக். நல்ல பொருள்தான், அடியை உள்வாங்கும். நிறமில்லாத வகை மட்டும் வெயிலின் புறஊதாக் கதிராலும் சூட்டாலும் மஞ்சளாகும். அது அழுக்கு அன்று, சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மட்டும் செய்த கவர் மெலிதாகவும் எடை குறைந்தும் இருக்கும். ஆனால் அதுவும் வழுவழுப்புதான். சிலிக்கோன் கவர் கையில் நன்றாகப் பற்றும், அதே பற்றுதலால் துணியையும் பிடித்துக்கொள்ளும். பையிலிருந்து உருவினால் உள்துணியும் சேர்ந்து வெளியே வரும், அந்த இழுபறியில் கை தவறும். தூசும் பஞ்சும் ஒட்டும். நாளாக ஆக ஓரங்கள் தொளதொளத்துப் போகும். உங்கள் அம்மாவின் இரண்டாவது விழுகை பையிலிருந்து எடுக்கும்போது நடந்ததால், அவருக்கு சிலிக்கோனை நான் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது, முதுகு கெட்டிப் பிளாஸ்டிக்காகவும், பக்கங்கள் மட்டும் மங்கலான டி.பி.யு.வாகவும் உள்ள இருபொருள் கவர். பக்கங்களில் வரிவரியாகக் கீறல் இருக்க வேண்டும். கைபேசியைத் தாங்குவது உள்ளங்கை அன்று, பக்கங்களை அழுத்தும் விரல்களும் கட்டைவிரலின் அடிச்சதையும்தான். முதுகில் எத்தனை பூ வேலை செய்திருந்தாலும் பக்கம் வழுவழுப்பாக இருந்தால் வீண்.

உடைவதைப் பற்றி ஒரே ஒரு செய்தி. என்னிடம் வரும் உடைந்த திரைகளில் பெரும்பாலானவற்றில் விரிசல் மூலையிலிருந்துதான் கிளம்பியிருக்கும். எனவே நான்கு மூலைகளும் சற்றுப் புடைத்து, உள்ளே காற்றறை உள்ள கவராகப் பாருங்கள். கவரின் விளிம்பு, டெம்பர்டு கிளாஸ் ஒட்டிய பிறகும் அதைவிட மேலே நிற்க வேண்டும். கைபேசியைத் திரை கீழாகக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் மறுபக்கம் வந்தால் சரி.

அளவுகோல்:

பழுதுமேசை அவர்கள் சொன்னதோடு, கடையிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சேர்க்கிறேன். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். மாணவர்கள் ஆய்வகத்தில் சாய்தளம் வைத்துச் செய்யும் அதே பயிற்சிதான். கடைக்காரரின் பெரிய அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் மேல் கவர் போட்ட கைபேசியைக் கிடத்தி, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். கீழே கையை வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோணத்தில் நழுவத் தொடங்குகிறதோ, அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்புதான் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு. 20 பாகையிலேயே நழுவினால் கெழு சுமார் 0.36, 45 பாகை வரை நின்றால் 1. எண் முக்கியம் இல்லை, இரண்டு மூன்று கவர்களை ஒரே அட்டையில் வைத்து எது கடைசி வரை நிற்கிறது என்று பார்த்தால் போதும். அட்டை வேறு, விரல் வேறு என்பது உண்மை. ஆனால் சோபாவின் மரக்கைப்பிடியில் எது நிற்கும் என்பதற்கு இது நேரடியான விடை. அதிர்வு கைபேசியை நுண்ணிய அளவில் திரும்பத் திரும்ப அசைத்து அதன் பிடிப்பைக் குலைத்துவிடுவதால், தொட்டால் நகராத லேசான சரிவிலும் அது ஊர்ந்துவிடும். அம்மாவின் கைபேசியில் அதிர்வை அணைத்து மணியோசையை மட்டும் வைத்துவிட்டால், முதல் வகை விபத்துக்குச் செலவே இல்லாமல் முடிவு கட்டலாம்.

அட்டைப்பெட்டியில் ‘ராணுவத் தரம்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்.டி.டி-810 என்னும் சோதனை முறைத் தொகுப்பைக் குறிக்கிறது. 2008 இல் வெளிவந்த அதன் 810ஜி பதிப்பில் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடும் சோதனை உண்டு: எட்டு மூலைகள், பன்னிரண்டு விளிம்புகள், ஆறு முகங்கள், ஆகக் கூடி 26. ஆனால் அந்த 26 வீழ்ச்சிகளையும் ஐந்து மாதிரிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். விழும் தளமோ கான்கிரீட்டின் மேல் பரப்பிய இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. உங்கள் வீட்டு மொசைக் அதைவிடக் கடினமானது. மேலும், சோதித்துச் சான்று வழங்கும் அமைப்பு என்று எதுவும் இல்லை. நிறுவனம் தானே சோதித்துத் தானே அச்சிட்டுக்கொள்ளலாம். பொய் என்று சொல்லவில்லை, விலையைக் கூட்டுவதற்கு அது போதிய காரணம் இல்லை என்கிறேன்.

தேரிக்காட்டுக்காரி:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், என் மாமியாருக்கு. கவர் எதுவாக இருந்தாலும் வீடியோ அழைப்பின்போது ஒரு கையால் நெடுநேரம் உயர்த்திப் பிடித்தால் விரல் களைத்துத் தானாகத் தளரும். அதற்குக் கைபேசியின் முதுகில் விரலை நுழைத்துப் பிடிக்க மோதிரம் போல ஒன்று வேண்டும். ஒட்டும் வகை மோதிரத்தை நாங்கள் முதலில் வாங்கி ஏமாந்தோம். சிலிக்கோன் கவரில் அது ஒட்டவே இல்லை, இரண்டாம் நாள் கழன்று சாம்பாரில் விழுந்தது. வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் முதுகில்தான் அந்தப் பசை நிற்கும். ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் காய வைத்து, ஒட்டிய பின் ஓர் இரவு முழுவதும் தொடாமல் விட வேண்டும். வயர் இல்லாமல் சார்ஜ் செய்யும் கைபேசி என்றால் நடுவில் ஒட்டிய மோதிரம் அதற்குத் தடையாகிவிடும். அதனால் இப்போது நாங்கள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மோதிரத்துக்கு மாறிவிட்டோம். வேண்டும்போது வைக்கலாம், வேண்டாதபோது எடுக்கலாம். மேசையில் நிறுத்தியும் வைக்கலாம். வைகைவாசி அவர்களுக்கு அதையே சொல்வேன்.

இல்லையென்றால் கழுத்தில் மாட்டும் கயிறும் கிடைக்கிறது.

வைகைவாசி:

அனைவருக்கும் நன்றி. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். அம்மாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள், இடது தோளுக்குக் கீழே. காந்த மோதிரம் என்றதும்தான் நினைவுக்கு வந்தது. அதனால் ஏதேனும் இடையூறு உண்டா?

அளவுகோல்:

நல்லவேளை கேட்டீர்கள். காந்த மோதிரமும் வேண்டாம், கழுத்துக் கயிறும் வேண்டாம். வலிமையான காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் இதயத்தின் இயல்பான துடிப்பைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, ஒரே சீரான வேகத்தில் துடிப்பை அனுப்பும் நிலைக்கு மாறக்கூடும். மருத்துவர்கள் சோதனைக்காக வேண்டுமென்றே காந்தம் வைத்து அப்படி மாற்றுவதும் உண்டு. காந்தத்தை விலக்கினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் அது மருத்துவமனையில் நடக்க வேண்டியதே தவிர, சமையலறையில் அன்று. 2020 இல் ஐஃபோன் 12 பின்புறக் காந்த வளையத்தோடு வந்த பிறகு இந்தப் பேச்சு பரவலாயிற்று. 2021 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், கைபேசிகளையும் ஸ்மார்ட் வாட்ச்களையும் உடலில் பொருத்திய இத்தகைய கருவிகளிலிருந்து ஆறு அங்குலம், அதாவது சுமார் 15 சென்டிமீட்டர், தள்ளி வைக்கும்படி அறிவுறுத்தியது. கழுத்தில் தொங்கும் கைபேசி சரியாக அந்த இடத்தில்தான் வந்து ஆடும். காந்தமே இல்லாத கவராக இருந்தாலும் அம்மாவை வலக்காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். மார்புப் பக்கம் செருகிக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். மூடியில் காந்தப் பொத்தான் வைத்த ஃபிளிப் கவர்கள் இருக்கின்றன. வீட்டில் இருப்பது அந்த வகை என்றால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். அடுத்த முறை இதய மருத்துவரிடம் போகும்போது பேஸ்மேக்கரின் அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

தேரிக்காட்டுக்காரி:

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மன்னிக்கவும். அப்படியென்றால் மணிக்கட்டுக் கயிறுதான் சரி. விரல் நகம் அகலத்தில் ஒரு மெல்லிய பட்டைத் துண்டு அதோடு வரும். அதைக் கவருக்கும் கைபேசிக்கும் நடுவே வைத்து, சார்ஜர் துளை வழியாக அதன் காதை வெளியே எடுத்துக் கயிற்றைக் கோக்க வேண்டும். கவரின் அடிப்பக்கம் முழுவதும் திறந்திருந்தால் இது நிற்காது. துளையைச் சுற்றிக் கவர் மூடியிருக்க வேண்டும். கோத்த பின் சார்ஜர் முள் முழுதாக உள்ளே போகிறதா என்று கட்டாயம் பாருங்கள், சில பட்டைகள் மறைத்துவிடும். கயிறு மணிக்கட்டில் மாட்டியபடி கைபேசி உள்ளங்கைக்கு வரும் அளவு நீளம் போதும். அதற்கு மேல் நீண்டால் குழம்புச் சட்டிக்குள் நுனி போகும்.

வைகைவாசி:

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் ஐந்து கடைகள் ஏறி இறங்கினேன். அட்டையைச் சாய்த்துச் சோதித்தபோது கடைப்பையன் சிரித்தான். மூன்றாவது கவருக்கு வந்ததும் அவனே அட்டையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் வரிக்கீறலும் கெட்டி முதுகும் உள்ள இருபொருள் கவர் 450 ரூபாய், மணிக்கட்டுக் கயிறு 120 ரூபாய். பளபளப்பான ஒரு கவர் அட்டையைத் தூக்கியவுடன் ஓடிவிட்டது, இது பாதிச் சரிவைத் தாண்டியும் நின்றது. அதிர்வையும் அணைத்துவிட்டேன். ஃபிளிப் கவரைப் பிரித்துப் பார்த்தால் மூடியில் காந்தம் இருக்கிறது, தூக்கிப் போட்டாயிற்று.

அம்மாவுக்குக் கவரைவிடக் கயிறுதான் பிடித்திருக்கிறது. வேலை இல்லாத நேரத்தில், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே கைபேசியையும் மாட்டிவிடுகிறார். மணி அடித்தால் எடுக்கிறார், பேசிவிட்டு மாட்டுகிறார். இதில் ஏதும் தவறு உண்டா?

பழுதுமேசை:

ஆணியை மட்டும் இடம் மாற்றச் சொல்லுங்கள். தாளிக்கும் ஆவியும் அடுப்புச் சூடும் கவருக்கும் ஆகாது, உள்ளே இருக்கும் பேட்டரிக்கும் ஆகாது. எண்ணெய்ப் படலம் படிந்தால் வரிக்கீறலும் நிரம்பி மறுபடி வழுக்கும். மாதம் ஒரு முறை கவரைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நன்றாக உலர்ந்த பின் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பட்டைத் துண்டின் காதையும் அப்போதே இழுத்துப் பாருங்கள், முதலில் நைந்துபோவது அதுதான்.