பின்னோக்குத் தொகுப்பா, பின்னோக்குப் பகுப்பா?

ரோஸ்ஹில் தமிழாசிரியை:

அன்புடையீர், வணக்கம். மொரீஷியசில் எங்கள் மாலைநேரத் தமிழ் வகுப்பில் உயர்நிலைச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக, வேதியியல் பேராசிரியர் எலியாஸ் ஜேம்ஸ் கோரியின் ஆய்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். கரிமத் தொகுப்பின் (கார்பன் சேர்மங்களை எளிய பொருள்களிலிருந்து ஆக்குவதன்) கோட்பாட்டையும் முறையியலையும் வளர்த்ததற்காக 1990 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அவர், ஆக்க வேண்டிய மூலக்கூற்றிலிருந்தே தொடங்கி, அதன் பிணைப்புகளை மனத்தளவில் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு, எளிதில் கிடைக்கும் பொருள்கள் வரை பின்னால் செல்லும் வழியை ஒழுங்கான முறையாக்கினார். ஆங்கிலத்தில் ரெட்ரோசிந்தசிஸ் எனப்படும் இதற்கு 'மீள்தொகுப்பு', 'எதிர்த்தொகுப்பு', 'பின்னோக்குத் தொகுப்பு' ஆகிய மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதிலும் மனம் நிறையவில்லை.

போர்ட் லூயிஸ், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

அம்மா, 'மீள்தொகுப்பு' வேண்டாம். மீள்பதிப்பு, மீள்குடியேற்றம் என்பவற்றைப் போல, ஒருமுறை செய்ததை மறுபடியும் செய்வதாகவே அது பொருள்படும். 'எதிர்' என்ற முன்னொட்டோ பகையையும் மறுதலையையும் ஒருங்கே சுமப்பது. என் கருத்தில் 'பின்னோக்கு' சரியானதே, இடறுவது 'தொகுப்பு'. இந்தக் கட்டத்தில் எதையும் நாம் தொகுப்பதில்லை. ஆஸ்பிரினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஸ்டர் பிணைப்பைத் தாளில் அறுத்தால் ஒருபுறம் சாலிசிலிக் அமிலமும் மறுபுறம் அசிட்டைல் துண்டும் நிற்கும். அந்தத் துண்டைத் தரக்கூடிய பொருள் எது என்று தேடி, அசிட்டிக் அன்ஹைட்ரைடைக் கண்டடைகிறோம். நடந்தது பகுப்பு. ஆகவே 'பின்னோக்குப் பகுப்பு' என்று எழுதுங்கள். நம் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்தில் படித்து, செய்தித்தாளைப் பிரெஞ்சில் பார்த்து, வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். தமிழ்ச்சொல் அவர்களுக்கு வகுப்பில் மட்டுமே கிடைப்பதால், பார்த்த அளவில் பொருள் விளங்க வேண்டும்.

டர்பன் பெரியவர்:

ஐயா, 'பகுப்பு' என்பதை நான் ஏற்கவில்லை. நீராற்பகுப்பு, மின்னாற்பகுப்பு என்று நம் பாடநூல்களில் வருவன எல்லாம் குடுவைக்குள் உண்மையாகவே நிகழும் சிதைவுகள். தாங்கள் காட்டிய ஆஸ்பிரினே ஈரம் பட்டால் நீராற்பகுப்படைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகிறது. பழைய மாத்திரைப் புட்டியைத் திறந்தால் காடி மணப்பது அதனால்தான். அதே பிணைப்பு, அதே சொல், ஆனால் ஒன்று மெய்யான வினை, மற்றொன்று எண்ணத்தில் மட்டும் நிகழ்வது என்றால் மாணவர் குழம்பமாட்டாரா?

நம் இலக்கணத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. 'தொகு' என்னும் அடியிலிருந்து தொகை, தொகுதி, தொகுப்பு மூன்றும் பிறக்கின்றன. 'பாற்குடம்' என்ற தொகையைப் 'பாலைக் கொண்ட குடம்' என்று விரித்துக் காட்டுகிறோம் அல்லவா? மறைந்திருந்த 'ஐ' என்னும் உருபும் 'கொண்ட' என்னும் பயனும் அப்போது வெளிப்படுகின்றன. தொகை என்பது உருபு மறைவதா, சொற்கள் ஒட்டி ஒரு சொல் போல் ஆவதா என்று உரையாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். வேதியியலில் இரண்டும் சேர்ந்தே நிகழக் காண்கிறேன்: அமிலமும் ஆல்கஹாலும் ஒட்டி எஸ்டர் ஆகும்போது ஒரு நீர் மூலக்கூறு தொக்குப் போகிறது. தொல்காப்பிய மரபியலில் 'தொகைவிரி' என்ற சொல்லும் உண்டு. அதையே ஆளலாம் என்பது என் விண்ணப்பம்.

ரெதுயி ஆய்வு மாணவி:

பெரியவருக்கு வணக்கம். மரபியல் 'தொகைவிரி' என்று கூறுவது வழிநூல் (முன்னைய நூலைத் தழுவி எழுதும் நூல்) வகைகளுள் ஒன்றை. தொகுத்தலும் விரித்தலும் சேர்ந்து அமைவதை அது குறிக்கிறது. தொகுத்ததைப் பிரித்துக் காண்பது என்ற பொருளை அதற்கு ஏற்றுவது வலிந்து கொள்வதாகும். தனியே 'விரிப்பு' என்றாலோ பாய்மேல் போடும் துணிதான் நினைவுக்கு வரும். இலக்கணத்திலிருந்தே கொள்வதானால் சொல்லை உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் பகுபத உறுப்பிலக்கணம் மிகப் பொருத்தமாக இருக்கிறது. 'வந்தான்' என்பதைப் பிரிக்கும்போது கிடைப்பது 'வ'. அதைத் தனிச்சொல்லாக வழங்க முடியாது. 'வா' என்னும் பகுதி குறுகி நின்றது என்று விகாரம் சொல்கிறோம். கோரி 1967 இல் 'சிந்தான்' என்று பெயரிட்ட கருத்தளவான துண்டு, இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் பொருளில், அந்த 'வ' போன்றது. ஆஸ்பிரினில் நாம் அறுத்தெடுக்கும் அசிட்டைல் நேரயனி (நேர்மின்னூட்டம் கொண்ட துண்டு) சிந்தான்; அதற்கு ஈடாகப் புட்டியிலிருந்து எடுக்கும் அன்ஹைட்ரைடு 'வா'. இவ்வாறு விளக்கினால் தமிழும் வேதியியலும் படிக்கும் மாணவர் இரண்டையும் மறக்கமாட்டார்.

பகுப்பு குடுவையில் நிகழ்வதாகத் தோன்றும் என்ற அச்சத்திற்கு மறுமொழியும் கோரியின் ஆய்விலேயே உள்ளது. 1969 இல் அவரும் அவருடைய கூட்டாய்வாளரும் இந்த முறையைக் கணினிக்குக் கற்பித்ததை வெளியிட்டார்கள். விதிகளைக் கொண்டு கணினி செய்யக்கூடிய பகுப்பு, சிந்தனையில் நிகழும் பகுப்பே.

டர்பன் பெரியவர்:

மகளே, 'வ', 'வா' விளக்கம் மிக நன்று. ஆயினும் 'சிந்தான்' என்பதை அப்படியே எழுதாதீர்கள். தமிழில் அது 'சிந்தமாட்டான்' என்னும் எதிர்மறை வினைமுற்றாகவே படிக்கப்படும். 'தொகுப்புறுப்பு' என்று வையுங்கள்.

போர்ட் லூயிஸ், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:

'தொகுப்புறுப்பு' எனக்கு உடன்பாடே. முதற்சொல்லைப் பொறுத்தவரை மேலும் வாதிட நேரமில்லை; 'பின்னோக்குப் பகுப்பு' என்றே முடிக்கலாம்.

ரோஸ்ஹில் தமிழாசிரியை:

மடலில் எழுதியவர்களுள் மூவர் 'பின்னோக்குப் பகுப்பு' என்கிறோம். ஆகவே அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் 'தாளில் செய்யும்' என்ற அடையைச் சேர்த்திருக்கிறேன். தொகுப்புறுப்புக்கு 'வந்தான்' எடுத்துக்காட்டு இடம்பெறும்.

டர்பன் பெரியவர்:

அம்மா, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், கருத்தில் மாறவில்லை. அடையை முதல் முறை மட்டும் எழுதினால், நான்காம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் மாணவருக்கு நீராற்பகுப்பும் இதுவும் ஒன்றாகவே தோன்றும். வேதியியலார் மெய்யான வினைக்கு ஒற்றைக் கோட்டு அம்பையும், இதற்கு இரட்டைக் கோட்டு அம்பையும் வரைகிறார்கள். படங்களில் அந்த இரட்டை அம்பு ஒற்றையாக அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.